புக்கிங் இல்லாம டிஸ்னில நாலு நாள்: ஒரு பசி டைரி

நாள் 0

ஆர்லாண்டோ வந்து சேந்தாச்சு. மணி ராத்திரி பதினொன்னு, புள்ளைங்க ரெண்டும் ட்ரெஸ் கூட மாத்தாம தூங்கிடுச்சுங்க, அத்தை மட்டும் ஏசி ஓவரா இருக்குனு ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்காங்க. எனக்கும் தூக்கம் வரல, அதான் இப்பவே ஆரம்பிச்சுடறேன்.

இந்த தடவ ஒரு முடிவோட வந்திருக்கோம். முடிவு என்னோடது, இவருக்கு அதுல துளி இஷ்டம் இல்ல. நாளுக்கு ஒரு பார்க்குனு நாலு நாள், ஒரு ரெஸ்டாரண்ட்லயும் டேபிள் புக் பண்றதில்ல. பசிச்சா சாப்பிடுவோம், எடம் கெடச்ச எடத்துல உக்காருவோம்.

டிஸ்னி வேர்ல்டு பக்கம் வராதவங்களுக்கு இதுல என்ன பெரிய வீரம் இருக்குனு தோணும். இங்க உக்காந்து சாப்பிடற ரெஸ்டாரண்ட்டுக்கெல்லாம் 60 நாள் முன்னாடியே புக்கிங் திறந்துடும். கொரோனாக்கு முன்னாடி அது 180 நாளு, அதாவது அரை வருஷம் கழிச்சு ஒரு செவ்வாக்கெழம மத்தியானம் ஒன்னரை மணிக்கு உனக்கு என்ன திங்கத் தோணும்னு இன்னைக்கே முடிவு பண்ணணும். அவங்க ஹோட்டல்லயே தங்கறவங்களா இருந்தா இன்னொரு சலுகையும் உண்டு, செக்கின் தேதிக்கு 60 நாள் முன்னாடியே தங்கப்போற மொத்த நாளுக்கும், பத்து நாள் வரைக்கும், ஒரே மூச்சுல போட்டுக்கலாம். இந்த சலுகைக்காகவே விடியக்காலைல அலாரம் வச்சு எந்திரிக்கற ஜாதி ஒன்னு இருக்கு. என் வீட்டுக்காரர் அந்த ஜாதில தலைவர்.

ரெண்டு வருஷம் முன்னாடி வந்தப்ப இவர் எக்செல் ஷீட் போட்டு, பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணிக் கொண்டு வந்தார். காலை பச்சை, மத்தியானம் மஞ்சள், ராத்திரி நீலம். அந்த மஞ்சள் கட்டம் ஒன்னுதான் எங்க மானத்த வாங்குச்சு. ஏழு குள்ளர்கள் மைன் ட்ரெயின் ரைடு க்யூல அம்பது நிமிஷம் நின்னாச்சு, இன்னும் பத்து நிமிஷத்துல ஏறிடலாம், அப்ப இவர் வாட்ச்ச பாத்துட்டு டைம் ஆச்சு டேபிளுக்குப் போகணும்னார், சின்னவளுக்கு அப்ப மூணு வயசு, க்யூவ விட்டு வெளிய தூக்கிட்டு வந்தப்ப போட்ட சத்தத்துல முன்னாடி பின்னாடி நின்னவங்கல்லாம் எங்கள புள்ள புடிக்கறவங்க மாதிரி பாத்தாங்க. அழுத களைப்புல அவ டேபிள்ல தலைய வச்சுத் தூங்கிட்டா, பெரியவன் ரெண்டு ஃப்ரைஸ் தின்னான், பில்லு மட்டும் 200 டாலர தாண்டுச்சு. இன்னொரு நாள் மழைல மாட்டிக்கிட்டு ஒரு புக்கிங்குக்குப் போகவே முடியல. ரெண்டு மணி நேரம் முன்னாடி கேன்சல் பண்ணலன்னா ஆளுக்கு 10 டாலர் எடுத்துக்குவாங்க, ரூல் அது, நாங்கதான் மறந்தோம்.

அதான் இந்த தடவ ஷீட் கிடையாது. "வயசானவங்க இருக்காங்க, சுகர் இருக்கு, யோசிச்சுக்கோ"னு இவர் அத்தைய காமிச்சு கேட்டார். அத்தை "எனக்காக யாரும் ஒன்னும் மாத்த வேணாம்ப்பா"னு சொல்லிட்டாங்க. சரின்னு ஆயிடுச்சு.

டிஸ்னியோட ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஹோட்டல்ல ஃபேமிலி சூட் எடுத்திருக்கோம், அஞ்சு பேருக்கு அதான் சரிப்படும், மைக்ரோவேவும் குட்டி ஃப்ரிட்ஜும் இருக்கு. புளிக்காச்சல் பாட்டில் பெட்டில பத்திரமா வந்து சேந்துச்சு.

நாள் 1: மேஜிக் கிங்டம்

காலு ரெண்டும் கழண்டு விழற மாதிரி இருக்கு, ஆனா நாள் நல்ல நாள்.

ஹோட்டல்ல தங்கறவங்கள அரை மணி நேரம் முன்னாடியே உள்ள விடறாங்க, அதுக்காக காலைல ரூம்லயே ப்ரெட்டு, வாழப்பழம், தயிர்னு முடிச்சுட்டு பஸ் ஏறிட்டோம். போன தடவ அழுதுட்டு விட்டுட்டு வந்த மைன் ட்ரெயின்ல மொத ஆளா போய் ஏறினோம், இருபது நிமிஷந்தான் ஆச்சு. சின்னவளுக்கு அந்தக் கதையெல்லாம் ஞாபகமே இல்ல. எனக்குத்தான் கண்ணு கலங்குச்சு.

சாப்பாட்டு விஷயத்துக்கு வரேன். நான் வச்சிருந்த திட்டம் ஒன்னே ஒன்னுதான், ஊரு சாப்பிடற நேரத்துல நாம சாப்பிடக்கூடாது. பன்னண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் ரெஸ்டாரண்ட் பக்கமே தல வச்சுப் படுக்கறதில்ல. கவுண்டர்ல வாங்கித் திங்கற பெரும்பாலான எடத்துக்கு டிஸ்னி ஆப்ல மொபைல் ஆர்டர் இருக்கு, என்ன வேணும்னு தட்டி, எத்தன மணிக்கு வருவோம்னு ஒரு நேரத்த எடுத்துக்கிட்டு, கிட்டப் போனப்பறம் வந்துட்டேன்னு ஒரு பட்டன அமுக்கணும், அப்பதான் அவங்க செய்யவே ஆரம்பிப்பாங்க. "இதுவும் புக்கிங்தானே?"னு இவர் கேட்டார். இல்லைங்க, வர முடியலைன்னா நேரத்த தள்ளிப் போட்டுக்கலாம், பட்டன அமுக்கலைன்னா காசும் போகாது. "பேரு வேற, விஷயம் அதான்"னு முணுமுணுத்துட்டு பத்தேகாலுக்கு போனை எடுத்து என்னமோ தட்டிட்டு இருந்தார். கேட்டா ஆபீஸ் மெயிலாம்.

பதினொன்னு பத்துக்கு கொலம்பியா ஹார்பர் ஹவுஸ். கீழ உக்காராதீங்க, மாடிக்குப் போங்க. மாடில ஒரு பக்கம் நடபாதைக்கு மேலயே பாலம் மாதிரி கட்டியிருக்காங்க, ஜன்னலோரம் உக்காந்தா கீழ ஜனம் லிபர்ட்டி ஸ்கொயர்லேர்ந்து ஃபேன்டஸிலாண்டுக்கு வேர்த்து ஒழுகி போறத ஏசில உக்காந்து பாக்கலாம். நாங்க போனப்ப மாடில மொத்தம் ஆறு பேரு. நாங்க எந்திரிக்கறப்ப மணி பன்னண்டேகால், கல்யாணப் பந்தில எடம் புடிக்கற மாதிரி ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாடியும் தட்டோட ஒருத்தர் நிக்கறாங்க. நான் எந்திரிச்ச சூடு ஆறல, ஒரு அம்மா உக்காந்துட்டாங்க. தண்ணி வேணும்னா கவுண்டர்ல கேளுங்க, ஐஸ் போட்ட தண்ணி ஒரு கப்பு சும்மாவே குடுப்பாங்க, பாட்டிலுக்கு காசு குடுத்து ஏமாறாதீங்க. செப்டம்பர் வெயில்ல நாங்க எத்தன கப்பு குடிச்சிருப்போம்னு கணக்கே இல்ல.

நாலு மணி வாக்குல அலோஹா ஐல்ல டோல் விப். அன்னாசிப்பழ ஐஸ்க்ரீம் மாதிரி, ஆனா பால் கிடையாது. அத்தை ஒரு ஸ்பூன் போதும்னு ஆரம்பிச்சாங்க. இவர் "அம்மா, சுகர்"னு சொல்றதுக்குள்ள பாதி கப்பு காலி. "பழந்தானேடா"ன்னாங்க.

ராத்திரிக்கு உக்காந்து சாப்பிடணும்னு பெரியவன் புடிச்சுக்கிட்டான். புக்கிங் இல்லாதவங்களுக்கு ஆப்லயே வாக்-அப் வெயிட்லிஸ்ட் ஒன்னு உண்டு, ஆனா ரூம்ல படுத்துட்டு பேரு குடுக்க முடியாது, அந்த எடத்துக்குப் பக்கத்துல இருக்கணும். அஞ்சரைக்கு ஸ்கிப்பர் கேன்டீன் முன்னாடி நின்னு பாத்தேன், திறந்திருந்துச்சு, 25 நிமிஷம்னு காமிச்சுது, கண்ண மூடிட்டு பேரக் குடுத்தேன். முப்பத்தஞ்சு ஆச்சு, பரவால்ல. எங்கள ஒரு புத்தக அலமாரிய தள்ளி அதுக்குப் பின்னாடி இருக்க ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, பெரியவன் வாயத் திறந்தவன் மூடல. ஜங்கிள் க்ரூஸ் ரைடுல வர்ற படகோட்டிங்க மாதிரியே சப்ளை பண்றவரும் மொக்க ஜோக்கா அடிச்சுத் தள்றார், அத்தைக்கு இங்கிலீஷ் பாதி புரியாது, ஆனா அவர் மூஞ்சிய பாத்தே சிரிச்சாங்க. அவங்களுக்கு காய்கறி போட்ட தாய் நூடுல்ஸ், மிளகாய்ப்பொடி மட்டும் நாங்க பையிலேர்ந்து எடுத்தது.

இவர் எழுந்து வர்றப்ப "ஒரு நாள் அதிர்ஷ்டம்"னார். இருக்கட்டுமே.

நாள் 2: எப்காட்

நேத்து போட்டத படிச்சுட்டு தங்கச்சி போன் பண்ணி, நீ சொல்றதெல்லாம் கூட்டம் இல்லாத சீசன்ல சரி, கிறிஸ்மஸ் வாரத்துல வந்து இப்படி பேசிப் பாருன்னா. நியாயம். ஸ்கூல் திறந்து எல்லாரும் வீட்டுல இருக்கற செப்டம்பர்ல, டீச்சர்கிட்ட நாலு நாள் லீவு கெஞ்சி வாங்கிட்டு வந்திருக்கோம். கிறிஸ்மஸ்ல நானும் இப்படி பேச மாட்டேன்.

ஆனா எப்காட் மட்டும் எந்த சீசன்லயும் நடந்துக்கிட்டே திங்கறதுக்குன்னே கட்டின எடம்னு எனக்கு தோணுது. 1982ல திறந்தது. உள்ள ஒரு ஏரி, அதச் சுத்தி மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, ஃபிரான்ஸ், இங்கிலாந்து, கனடானு பதினோரு நாடு. ஒரு சுத்து சுமார் ரெண்டு கிலோமீட்டர். பெரும்பாலான நாட்டுல பெரிய ரெஸ்டாரண்ட்டும் இருக்கும், கவுண்டரும் இருக்கும். இப்ப ஃபுட் அண்ட் வைன் திருவிழா வேற நடக்குது, வழி நெடுக குட்டி குட்டி கடை, தட்டு நம்ம உள்ளங்கை அளவு.

எங்க ஹோட்டல்லேர்ந்து ஸ்கைலைனர்னு ரோப் கார் இருக்கு, அதுல வந்தா முன் வாசல் இல்ல, பின் வாசல்ல, ஃபிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவுல கொண்டு வந்து எறக்கி விடும். நாடுங்கல்லாம் பதினொன்னுக்குத்தான் திறக்கும், அதுவரைக்கும் ரைடு எல்லாத்தையும் முடிச்சோம்.

நார்வே பேக்கரில ஸ்கூல் ப்ரெட்னு ஒரு பன்னு. நடுவுல கஸ்டர்டு, மேல தேங்காத் துருவல். அத்தை ஒரு கடி கடிச்சுட்டு நிறுத்தினாங்க. "ஏம்மா, இதுல ஏலக்கா போட்டிருக்காங்க." ஆமா, மாவுலயே ஏலக்கா. அவ்ளோ தூரத்துல பனில கிடக்கற ஊருக்காரங்களுக்கு ஏலக்காயோட என்ன சம்மந்தம்னு அத்தைக்கு ஒரே ஆச்சரியம், அதப் பத்தியே சீனா வரைக்கும் பேசிட்டு வந்தாங்க. முட்டை இருக்குமேனு நான் மெதுவா சொன்னேன். "கண்ணுக்குத் தெரியாத முட்டைக்கு கணக்கு கிடையாது." சரி அத்தை.

ஜெர்மனில கேரமல் பாப்கார்ன், அந்தக் கடைய தாண்டறதுக்குள்ள வாசன ஆள இழுத்துடும். கனடா கடைல செடார் சீஸ் சூப்பு ரொம்ப பேமஸ், ஆனா அதுல பேக்கன் இருக்கு, சைவம்னா பக்கத்துல போகாதீங்க, பேருல சீஸ்னு பாத்துட்டு நம்மாளுங்க நெறைய பேரு ஏமாறுவாங்க. ஜப்பான்ல ககிகோரி, அதாவது நம்ம பால் ஐஸ் வண்டில தேச்சுக் குடுப்பாங்கல்ல அதே ஐஸ், கலர் சிரப்பு ஊத்தி. பெரியவன் நாக்கு இன்னும் சிவப்பாத்தான் இருக்கு.

ரெண்டரைக்கு வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஃப்ளோரிடா மழ சொல்லிட்டு வராது, வந்தா கொட்டித் தீத்துடும். இடி இடிச்சா ஸ்கைலைனரையும் நிறுத்திடுவாங்க, அதனால ஹோட்டலுக்கும் ஓட முடியாது. நான் அப்பவே ஜப்பான்ல தோட்டத்துக்கு மேல இருக்க காட்சுரா க்ரில்லுக்கு எல்லாரையும் கெளப்பிக் கூட்டிட்டுப் போயிட்டேன். உக்காந்து தட்டு வந்து பத்து நிமிஷம், கொட்டுச்சு பாருங்க. மொத்த ஜப்பானும் நனஞ்சுக்கிட்டு உள்ள ஓடி வருது, நாங்க அஞ்சு பேரும் மகாராஜா மாதிரி உக்காந்து சூடா நூடுல்ஸ் சாப்பிடறோம். எனக்கு வந்த பெருமைக்கு அளவே இல்ல. இவர பாத்தேன். மனுஷன் போனத்தான் பாத்துட்டு இருக்கார், மணி மூணு ஆகப் போகுது, அவசர அவசரமா என்னமோ தட்டறார். வானிலை பாக்கறாராம். வானிலை ஜன்னலுக்கு வெளிய கொட்டுது, அத எதுக்கு போன்ல பாக்கணும்?

ஒன்னு ஒத்துக்கறேன், இது சிக்கனம் இல்ல. ஒவ்வொரு தட்டும் ஆறு டாலர், எட்டு டாலர்னுதான் இருக்கும், கை பாட்டுக்கு போயிட்டே இருக்கும். ராத்திரி ரூமுக்கு வந்து கூட்டிப் பாத்தா 140 டாலர் கிட்ட ஆகியிருக்கு, வயிறு மட்டும் ரொம்பின மாதிரியும் இருக்கு ரொம்பாத மாதிரியும் இருக்கு. பத்து மணிக்கு மைக்ரோவேவ்ல சாதம் வச்சு, புளிக்காச்சல போட்டுக் கெளறி, அஞ்சு பேரும் கட்டில்ல உக்காந்து தின்னோம். அதான் இன்னைக்கு பெஸ்ட் சாப்பாடுனு சின்னவ தீர்ப்பு சொல்லிட்டா.

நாள் 3: ஹாலிவுட் ஸ்டுடியோஸ்

இன்னைக்கு எழுதவே மனசில்ல. ஆனா நல்லதா நடந்தத மட்டும் போட்டா அது டைரி இல்ல.

தப்பு முழுக்க என்னோடது. ரெண்டு நாள் ஜெயிச்ச திமிருல காலைல மொபைல் ஆர்டர் போடல, பாத்துக்கலாம்னு விட்டேன். இவர் பத்தரைக்கு "சாப்பாட்டுக்கு என்ன வழி?"னு ஒரு தடவ கேட்டார், "உங்க ஷீட்டு இல்லாம உங்களுக்கு மூச்சே வராதா?"னு எல்லார் முன்னாடியும் சிரிச்சேன். அவர் ஒன்னும் சொல்லாம போனை எடுத்து தட்டிட்டு பாக்கெட்ல வச்சுட்டார். பதினொன்னுக்கு சாப்பிட்டிருக்கணும், அப்பதான் டாய் ஸ்டோரி பக்கம் க்யூ கொஞ்சம் கம்மியா தெரிஞ்சுதுனு உள்ள நுழஞ்சோம், அது அப்படி இப்படினு வளஞ்சு வளஞ்சு வெளிய வர்றப்ப மணி பன்னண்டே முக்கால்.

ஆப்ப திறந்தேன். பக்கத்துல இருக்க கவுண்டருக்கு அடுத்த நேரம் ரெண்டு பத்துக்கு. இன்னொன்னு, ஒன்னு அம்பதுக்கு. உக்காந்து சாப்பிடற எடம் ஒவ்வொன்னா தட்டறேன், வெயிட்லிஸ்ட் எல்லாம் மூடியிருக்கு, நேர்ல போய் கேட்டா சாரின்னு சிரிக்கறாங்க. அவங்க என்ன பண்ணுவாங்க, உள்ள ஜனம் அடச்சுக் கிடக்கு. டிஸ்னி வேர்ல்டு மொத்தம் சுமார் 25,000 ஏக்கர், வெளிய போய் திங்கலாம்னா பஸ்ஸு, காத்திருப்புனு ஒரு மணி நேரம் ஓடிடும். வெளிச் சாப்பாடு கொண்டு வரலாம், கண்ணாடி பாட்டிலும் அள்ளிப் போட்ட ஐசும் இருக்கக்கூடாது. ரெண்டு நாளா புளியோதரை டப்பாவ தூக்கிட்டுத்தான் அலஞ்சேன், ரெண்டு நாளும் திறக்கவே இல்ல, இன்னைக்குனு பாத்து கனமா இருக்குன்னு ரூம்லயே வச்சுட்டு வந்துட்டேன்.

அத்தை ஒன்னும் சொல்லல. ஒரு நெழல்ல பெஞ்சு பாத்து உக்காந்தாங்க. அப்பறம் பாத்தா கை லேசா நடுங்குது, நெத்தில வேர்வ, ஆனா வெயில்னால வர்ற வேர்வ மாதிரி இல்ல. சுகர் எறங்குதுனு இவருக்குப் பாத்ததுமே புரிஞ்சுடுச்சு. ஓடிப் போய் வண்டில ஒரு ஆரஞ்சு ஜூஸும் மிக்கி மூஞ்சி போட்ட ப்ரெட்சலும் வாங்கிட்டு வந்து, பக்கத்துல மண்டி போட்டு உக்காந்து குடிக்க வச்சார். பத்து நிமிஷத்துல சரியாயிட்டாங்க. அந்தப் பத்து நிமிஷமும் எனக்கு எப்படி போச்சுனு எழுத வரல.

சுகருக்கு மாத்திரை போடறவங்கள கூட்டிட்டு வர்றவங்க ஒன்ன மட்டும் மனசுல வச்சுக்கோங்க, சாப்பாடு எங்க எப்பனு தெரியாம இருக்கறது நமக்கு ஜாலி, அவங்களுக்கு இல்ல. பையில எப்பவும் ஏதாவது இருக்கணும். இத நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும், இவர் ஏர்போர்ட்டுக்கு முன்னாடியே சொன்னார்.

ரெண்டு பத்துக்கு ஒரு வழியா கவுண்டர் சாப்பாடு கெடச்சுது. ருசி எப்படினு கேக்காதீங்க, என் நாக்குல எதுவும் ஏறல. பெரியவன் ஸ்டார் வார்ஸ் பக்கம் போய் நீலப் பால் வாங்கிக் குடிச்சான், தேங்காப்பாலும் அரிசிப்பாலும் கலந்ததாம், அத்தைக்கும் ஒரு வாய் குடுத்தான், பாட்டிக்குப் புடிக்கல.

மீதிக் கதை ராத்திரி. புள்ளைங்க தூங்கினப்பறம் இவர் போனை நீட்டினார். கேன்சல் பண்ணின புக்கிங் வரிசையா நிக்குது. மொத நாள் பன்னண்டரைக்கு ஒன்னு. நேத்து எப்காட்ல அஞ்சு மணிக்கு ஒன்னு. இன்னைக்கு பன்னண்டு நாப்பதுக்கு சைஃபை டைன்-இன், அந்த பழைய கார் மாதிரி சீட்டுல உக்காந்து பழங்கால வேத்துக்கிரக பட டிரெய்லர் பாத்துக்கிட்டே சாப்பிடற எடம், பெரியவன் வாசல்லயே நின்னு ஏங்குனானே அதே. அஞ்சு பேருக்கு. அறுபது நாள் முன்னாடியே விடியக்காலைல எந்திரிச்சு எனக்குத் தெரியாம நாலு நாளுக்கும் போட்டு வச்சு, தெனமும் ரெண்டு மணி நேரக் கெடு முடியறதுக்குள்ள நான் சமாளிச்சுடுவேன்னு தெரிஞ்சா கேன்சல் பண்ணிட்டு வந்திருக்கார். ஆபீஸ் மெயிலு. வானிலை.

"இன்னைக்கு மட்டும் ஏங்க கேன்சல் பண்ணீங்க, நான் சமாளிக்கலையே?"

"நீ சிரிச்சல்ல. கோவத்துல பண்ணிட்டேன்."

ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்பறம் ஒன்னு உறைச்சுது. மொத நாள் ஸ்கிப்பர் கேன்டீன்ல நமக்கு கெடச்ச டேபிள் மட்டும் எப்படி வந்திருக்கும்? இவர மாதிரி ஒருத்தர் நாலு மணிக்கு எங்கயோ நின்னு மெயில் பாக்கறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு கேன்சல் தட்டியிருப்பார். புக் பண்ணாம வர்ற என்ன மாதிரி ஆளுங்கள்லாம் புக் பண்றவங்க விட்டுட்டுப் போற எடத்துலதான் உக்காந்து சாப்பிடறோம். இத அவர்கிட்ட சொல்லல, சொன்னா தல கால் புரியாது.

நாளைக்கு ஒன்னு பாக்கி இருக்கானு கேட்டேன். நாளைக்குப் போட்டத போன வாரமே எடுத்துட்டாராம். சத்தியமானு கேட்டேன். சத்தியம்னார்.

நாள் 4: அனிமல் கிங்டம்

டப்பா பையில. பிஸ்கட் பையில. மாத்திரை, ஜூஸ், ரெண்டு ஆரஞ்சு பையில. அத்தை பையத் தூக்கிப் பாத்துட்டு "நாலு நாள் கல்யாணத்துக்கா போறோம்?"ன்னாங்க.

இங்க சீக்கிரம் திறப்பாங்க, மிருகங்க காலைலதான் சுறுசுறுப்பா இருக்கும், அதனால நேரா சஃபாரி. அப்பறம் பன்டோரா. 2017ல திறந்த அவதார் படத்துப் பகுதி, மலையெல்லாம் அந்தரத்துல தொங்கற மாதிரி கட்டியிருக்காங்க, எப்படி நிக்குதுனு பெரியவன் தூண் தூணா தேடிக்கிட்டு இருந்தான். பத்தே முக்காலுக்கே அத்தைய சட்டுலி கேன்டீன்ல உக்கார வச்சுட்டேன். கிண்ணத்துல கீழ சோறும் பீன்ஸும், மேல டோஃபு, சாஸ் நம்ம இஷ்டம். டிஸ்னில சைவத்துக்கு கவுண்டர் சாப்பாடுன்னா என் ஓட்டு இதுக்குத்தான், பர்கர்லேர்ந்து தப்பிச்சு சோறுனு ஒன்ன கண்ணுல பாக்கலாம். பெரியவனுக்கு ஒம்பது வயசு, குழந்தைங்க மெனு, அடுத்த மாசம் பத்து ஆச்சுன்னா இங்க பெரியாள் கணக்கு, டிக்கெட்லேர்ந்து தட்டு வரைக்கும். பொறந்தநாளுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்ததுல இவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

சாயங்காலம் ஏர்போர்ட் போகணும், அதுக்கு முன்னாடி எனக்கு ஒரே ஒரு ஆச பாக்கி. பார்க்குக்கு வெளிய அனிமல் கிங்டம் லாட்ஜ்னு ஹோட்டல் இருக்கு, அங்க கிடானி வில்லேஜ்ல சனானு ஒரு ரெஸ்டாரண்ட். ஆப்பிரிக்கச் சாப்பாட்டுல இந்தியக் கைவாசன. நான் ரொட்டி வகையறா ஒரு தட்டும், அதுக்கு தொட்டுக்க ஒம்பது வகையும் குடுப்பாங்க, புளிச் சட்னி, மாங்கா சட்னி, பூண்டு ஊறுகா, ரைத்தானு. அதுக்கும் மேல, ஜன்னலுக்கு வெளிய புல்வெளில ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேஞ்சுக்கிட்டு இருக்கும். ஹோட்டலுக்குள்ள போக பார்க் டிக்கெட்டும் தேவையில்ல. புக்கிங் இல்லாம இது ரொம்ப கஷ்டம்னு எல்லாரும் சொல்வாங்க. போய் நின்னு பாக்கலாமா, கெடச்சா சாப்பிடுவோம், இல்லன்னா டப்பா இருக்குனு கேட்டேன். இவர் உடனே சரின்னுட்டார். ஒரு கேள்வி கூட கேக்கல. நேத்து நடந்ததுல மனசு மாறிட்டார் போலனு நெனச்சு எனக்கு கொஞ்சம் உருகிடுச்சு, அத இங்க எழுதறதுக்கு இப்ப வெக்கமா இருக்கு.

பஸ்ஸ புடிச்சு போய் சேந்தப்ப ரெண்டு இருபது. கவுண்டர்ல ஒரு பொண்ணு. அஞ்சு பேருங்க, புக்கிங் கிடையாது, வெயிட்லிஸ்ட் இருக்கானு தயங்கித் தயங்கி கேட்டேன். பேரு கேட்டா. இவர் பேரச் சொன்னேன். டேப்லட்ட பாத்துட்டு நல்லா சிரிச்சா. பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க, பரவால்ல, ஜன்னலோரம் டேபிள் ரெடியாத்தான் இருக்குன்னா.

திரும்பிப் பாத்தேன். மனுஷன் சின்னவள தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு சுவத்துல மாட்டியிருக்க பொம்மைய ரொம்ப அக்கறையா விளக்கிட்டு இருக்கார், தமிழ்ல ஒரு வார்த்த தப்பில்லாம.

"சத்தியம் பண்ணீங்களே!"

"நேத்து நீ கேக்கறப்ப இல்லதான். நீ தூங்கினப்பறம் யாரோ கேன்சல் பண்ணாங்க, கெடச்சுது."

"தூங்காம அதையா நோண்டிக்கிட்டு இருந்தீங்க?"

"அவனத் திட்டாதம்மா"னு அத்தை குறுக்க வந்தாங்க. "நாந்தான் போடச் சொன்னேன். நீ ஆசப்பட்டியேனு."

எனக்காக யாரும் ஒன்னும் மாத்த வேணாம்னு சொன்ன அதே அத்தை.

உக்காந்தோம். தட்டு வந்துச்சு, ஒம்பது கிண்ணம் வரிசையா. அத்தை ஒவ்வொன்னா விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாத்து, புளிச் சட்னி தேறும்னாங்க, ரைத்தால உப்பு பத்தலன்னாங்க, பூண்டு ஊறுகா மட்டும் ரெண்டாவது தடவ கேட்டு வாங்கினாங்க. வெளிய ஒட்டகச்சிவிங்கி ஒன்னு கண்ணாடிக்கு நேரா வந்து நின்னு எல கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. சின்னவ அதுக்கு ஒரு நான் துண்ட நீட்டிக் காமிச்சா.

புளியோதரை டப்பா திறக்காமலே ஏர்போர்ட் வரைக்கும் வந்துச்சு. கேட்டுக்குப் பக்கத்துல தரைல உக்காந்து இப்ப எல்லாரும் அதத்தான் தின்னுட்டு இருக்கோம், ஃப்ளைட் ஒன்றரை மணி நேரம் லேட்டாம். இவர் மறுபடியும் போன்ல என்னமோ தட்டறார். நான் கேக்கப் போறதில்ல.